கல் மியூசியத்தில் விட்டுவந்த ஓவர்கோட்

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? கண்ணாடிக் கடையைப் பற்றிக் கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் கண் மங்கிக்கொண்டேதான் வருகிறது, உனக்கு என்ன குறை.

போன வாரம் போனில் பதினைந்து நிமிஷம் பேசினாயாம். பக்கத்து வீட்டம்மா கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. முப்பது வருஷம் அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவளிடம் போனில் பேசி என்ன ஆகப் போகிறது? எது சொல்வதானாலும் எழுது.

நீயும் ஹாஸ்டல் தோழிகள் இரண்டு பேரும் வெளிநாடு போகிற செய்தி எனக்கு முன்னாலேயே தெரியும். அந்த இரண்டு பேரில் ஒருத்தி, எங்கள் தெருவில் இருக்கிற கணக்கு டீச்சர், ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள். ஐம்பது வயதில் ஊர் சுற்றாமல் எப்போது சுற்றுவது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போகும் ஊரில்தான் உன் அண்ணன் இருக்கிறான். மாடி வீட்டுக்காரரின் மகன் போன வருஷம் பார்த்திருக்கிறான். கல் மியூசியம் என்று ஒன்று இருக்கிறதாம். அங்கே வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி வைத்து டோக்கன் கொடுக்கிற வேலையாம் அவனுக்கு. கல்லுக்கு எதற்கு மியூசியம் என்று என்னைக் கேட்காதே.

பத்தொன்பது வருஷம் ஆயிற்று. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது "அப்பா நலம்" என்று நான் எழுதினேன், அதை நம்பி அவன் வேலை பார்த்த கப்பலிலேயே இருந்துவிட்டான். நான் எதற்கு அப்படி எழுதினேன் என்று உனக்குத் தெரியும். அப்பா, அந்தத் தபால் பிரிக்கிற வேலை பார்த்த மனுஷன், போட்ட சட்டம் அது. கடிதத்தில் கெட்ட செய்தி எழுதக் கூடாது, படிக்கிறவன் தனியாக இருப்பான், நேரில்தான் சொல்ல வேண்டும். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். பன்னிரண்டாம் நாள் அப்பா போய்விட்டார். அதற்கப்புறம் உன் அண்ணன் எனக்கு எழுதியது ஒரே வரி. "இனிமேல் எனக்கு நலம் என்று எழுதாதே." அதோடு சரி.

இதோடு ஒட்டிய கவர் ஒன்று வைத்திருக்கிறேன். அவன் கையில் கொடு. தபாலில் போட்டால் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடுவான். நீ கொடுத்தால் கிழிக்க மாட்டான், நீ என்றால் அவனுக்கு உயிர். பிரித்துப் படிக்காதே. படித்தால் உன் அடுத்த கடிதத்திலேயே தெரிந்துவிடும், உனக்கு எதையும் மறைக்க வராது.

ஏப்ரல் பாதிக்குள் எனக்குப் பதில் வர வேண்டும். ஏன் என்று கேட்காதே.

காதை மூடிக்கொண்டு போ, அங்கே குளிராம்.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டில் மூன்று, ஜன்னல் ஒன்று. ஜன்னல் யாருக்கு என்று முதல் நாளே சண்டை போட்டு, கடைசியில் பொட்டலத்துக்கு விட்டுக்கொடுத்தோம். பொட்டலத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். ஹாஸ்டலில் எல்லோருக்கும் சாப்பாடு பொட்டலம் கட்டி ஒளித்து வைப்பாளே, அவள்தான். ஐம்பது வயதிலும் அதே வேலை. காலைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து நாலு பன் எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும்.

நேற்று முழுக்க மியூசியமும் காப்பிக் கடையும்தான். கிளம்பும்போதே டீச்சர் சட்டம் போட்டுவிட்டாள். ஆளுக்கு ஒரு மியூசியம், யார் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. கால் வலித்தால் காப்பிக் கடை.

முதலில் டீச்சர் சொன்ன ஓவிய மியூசியம். ஒவ்வொரு அறையும் கல்யாண மண்டபம் அளவு. டீச்சர் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கு வந்தவள் மாதிரி கையைக் கட்டி நின்றாள். பொட்டலம் பெஞ்சு எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தாள். நான் படங்களையா பார்த்தேன், வந்தவர்களின் மூக்குக் கண்ணாடிகளைத்தான் பார்த்தேன். பாதிப் பேருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.

அங்கிருந்து ஒரு காப்பிக் கடை. கோப்பை குளிக்கிற சொம்பு அளவு, காப்பி தண்ணீர். "இதைக் குடிக்கிறதா, இதுல முகம் கழுவுறதா?" என்று பொட்டலம் கேட்டாள். பரிமாறுகிறவர் புரியாமல் சிரித்தார். இரண்டாவது, பொட்டலம் சொன்ன சமையல் பாத்திர மியூசியம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கரண்டி, அதற்கு விளக்கு வேறு. "எங்க வீட்டுப் பரண்ல இதைவிட நல்லது கெடக்கு. யாராவது டிக்கெட் வாங்கிட்டுப் பார்க்க வர்றாங்களா?" என்றாள். சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை.

எனக்குத்தான் எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது. காலில் சக்கரமா கட்டியிருக்கிறாய் என்று டீச்சர் திட்டினாள். இரண்டாவது காப்பிக் கடையில் கேக் வந்தது, நான் பில்லைக் கேட்டுவிட்டேன். பொட்டலம் கேக்கை டிஷ்யூவில் சுற்றிக்கொண்டே என்னை முறைத்தாள்.

மூன்றாவது, நான் சொன்ன கல் மியூசியம். சட்டப்படி ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆனால் "கல்லைப் பார்க்கவாடி ஏரோப்ளேன் ஏறி வந்தோம்?" என்று பொட்டலம் வாசலில் நின்று சொன்னாள். அது கேள்வி இல்லையாம். உள்ளே பச்சைக் கல், மஞ்சள் கல், ரொட்டி மாதிரி ஒரு கல். நல்ல கூட்டம்.

அப்புறம் நாலாவது காப்பிக் கடை. அதற்குள் நன்றாகக் குளிர ஆரம்பித்துவிட்டது. அறைக்குத் திரும்பிவிட்டோம்.

கவர் போய்ச் சேர்ந்துவிட்டது. கவலைப்படாதே.

எட்டாம் தேதி ஊர் திரும்புகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 17

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீ நல்லபடியாக வீடு வந்து சேர்ந்திருப்பாய்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கேக்குக்கு அத்தனை வரி, கரண்டிக்கு அத்தனை வரி, உன் அண்ணனுக்கு ஒரு வரி. அதுவும் கவரைப் பற்றி. "போய்ச் சேர்ந்துவிட்டது" என்றால் என்ன அர்த்தம்? கவர் தானாக நடந்து போனதா?

அச்சகத்தில் என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். பதினாறு பக்கம் ஒரு பாரம். தைக்கிறதுக்கு முன்னால் எல்லாப் பாரமும் வரிசையாக இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து அனுப்புகிறவள் நான். உன் கடிதத்தில் ஒரு பாரம் விட்டுப்போயிருக்கிறது. மூன்று மியூசியம், நாலு காப்பிக் கடை என்று கணக்கு வருகிறது. முதல் இரண்டு கடையை எழுதினாய், நாலாவதை எழுதினாய். மூன்றாவது கடை எங்கே? கல் மியூசியத்துக்கும் அந்த நாலாவது கடைக்கும் நடுவில் என்ன நடந்தது?

எப்படி இருக்கிறான்? இளைத்திருக்கிறானா? முடி நரைத்துவிட்டதா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா? கேட்கவில்லை என்றாலும் எழுது. நான் ஒன்றும் உடைந்துபோக மாட்டேன்.

தபால்காரர் வரும் நேரத்துக்கு எல்லா வேலையையும் விட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்து நிற்கிறேன். எதிர் வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உன் அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இவருக்கு மட்டும் லேசாக ஜலதோஷம். நீ சௌக்கியம்தானே?

வந்ததும் கடையில் ஒரே வேலை, அதனால்தான் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன் நன்றாக இருக்கிறான். காதோரம் நரை. நடுவில் இன்னும் கறுப்புதான். இளைக்கவில்லை, தோள் மட்டும் கொஞ்சம் கூனியிருக்கிறது. நாள் முழுக்கக் குனிந்து கோட்டு வாங்கிக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். சாம்பல் நிறத்தில் யூனிஃபார்ம், சட்டைப் பையில் ஒரு பென்சில். கண்ணாடி போட்டிருக்கிறான். இடது பக்கக் கம்பி வளைந்து ஒரு கண்ணாடி ஏறியும் ஒன்று இறங்கியும் இருந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. கழற்றி வாங்கினால் இரண்டு நிமிஷ வேலை.

அவன் இடம் சின்னது. நீளமான மர மேடை, பின்னால் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் பித்தளை எண். ஒரு கையால் கோட்டு வாங்கி மறு கையால் டோக்கன் நீட்டுவான். ஒரு தடவைகூட எண் மாறவில்லை.

நின்று பேச நேரமில்லை, வரிசை பெரிது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னான்.

மூன்றாவது காப்பிக் கடை மியூசியத்துக்கு நேர் எதிரே. அங்கே ஒன்றும் விசேஷமில்லை, அதனால் எழுதவில்லை.

நேரத்துக்குத் தூங்கு.

அன்புடன்,
தங்கை


மார்ச் 8

அன்புள்ள தங்கைக்கு,

நலம். மாப்பிள்ளையின் ஜலதோஷம் விட்டதா?

உன் அண்ணனின் வளைந்த கண்ணாடியைப் பற்றி எழுதியது நிஜம். அது உன் கண் பார்த்தது. "எல்லோரையும் கேட்டதாகச் சொல்" என்றது நிஜமில்லை. அவன் ஜன்மத்தில் அப்படிப் பேசியதில்லை. கப்பலில் இருந்து எழுதும்போதுகூட "அக்கா, சோப்பு தீர்ந்துவிட்டது" என்றுதான் ஆரம்பிப்பான்.

சந்தேகத்தோடே இருந்தேன். நேற்று ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உன் டீச்சரைப் பார்த்தேன். அவளுக்குச் சர்க்கரை பார்க்க வந்திருக்கிறாள். காகிதம் வாங்கி எழுதிக் காட்டினாள். "உங்க தங்கச்சி என் ஓவர்கோட்ட தொலைச்சிட்டா. மியூசியத்துல குடுத்துட்டு திருப்பி வாங்கவே இல்ல. அந்தக் குளிர்ல வெறும் ஸ்வெட்டரோட எங்கள இழுத்துக்கிட்டு ஓடுறா. கேட்டா பேச மாட்டேங்குறா." கூடவே இன்னொன்றும் எழுதினாள். ஒரே நாளில் கல் மியூசியத்துக்குள் நீ மூன்று தடவை போனாயாம்.

டோக்கனை நீட்டினால் கோட்டு வந்துவிடும். நீட்ட முடியாமல் உனக்கு என்ன வந்தது? கவர் எங்கே இருக்கிறது?

இதற்குப் பதில் எழுது. கேக்கைப் பற்றி எழுதாதே.

உன் அக்கா


மார்ச் 15

அக்கா,

நலம். நலம்தான். அதை விடு.

பொய் சொல்லிவிட்டேன். அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

முதல் தடவை போனபோது வரிசையில் எனக்கு முன்னால் எட்டுப் பேர். தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. கவர் கைப்பையில் இருந்தது. என்ன சொல்வது என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். என் முறை வந்தது. அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை அக்கா, கோட்டை மட்டும்தான் பார்க்கிறான். டீச்சர் கடன் கொடுத்த ஓவர்கோட்டை வாங்கினான், டோக்கன் கொடுத்தான். எனக்கு வாய் திறக்கவில்லை. பின்னால் இருந்தவர் இருமினார், நகர்ந்துவிட்டேன். உள்ளே போய்க் கல்லைப் பார்த்தேன். என்ன கல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பி வந்து டோக்கன் கொடுத்தேன், கோட்டைத் தந்தான். எதிரே இருந்த கடையில் போய் உட்கார்ந்தோம். அதுதான் நீ கேட்ட மூன்றாவது கடை.

குடை விட்டுவிட்டேன் என்று சொல்லி இரண்டாவது தடவை போனேன். அதே கதை. திரும்பி வந்து இன்னொரு காப்பி. டீச்சர், "உனக்கு வயிறு சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி மூன்றாவது தடவை போனேன். இந்தத் தடவை கவரைக் கோட்டின் உள்பையில் வைத்துக் கொடுத்துவிட்டு, டோக்கனை வாங்கிக்கொண்டு, கல்லைக்கூடப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன். சாயங்காலம் யாரும் வந்து கேட்காத கோட்டு ஒன்று மிஞ்சினால் பையைப் பார்க்காமலா இருப்பான் என்று நினைத்தேன். டோக்கன் என்னிடம்தான் இருக்கிறது.

ஏன் பேசவில்லை என்று கேட்பாய். கடையில் கண் பார்க்க வருகிறவர்கள் சிலர், கடைசி வரி எழுத்து தெரியாவிட்டாலும் தெரிகிறது என்பார்கள். தெரியவில்லை என்று சொன்னால் அது நிஜமாகிவிடுமே என்று பயம். எனக்கும் அந்தப் பயம்தான். நான்தான் என்று சொல்லி, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்புறம் நமக்கு என்ன மிச்சம்? பேசாமல் இருக்கிற வரை ஒன்று மிச்சம் இருந்தது. உன்னிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நான் கோழைதான்.

மியூசியத்துக்குப் போன் பண்ணிப் பார்த்தேன். பதிவு செய்து வைத்த ஒரு குரல், திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் திருப்பித் திருப்பிச் சொல்கிறது.

நீ எதற்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாய்? டீச்சர் எதற்கு வந்தாள் என்று எழுதினாயே, நீ எதற்குப் போனாய் என்று எழுதவில்லை. எனக்கும் பாரம் பார்க்கத் தெரியும்.

உடனே எழுது.

தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் கிழிந்துவிடும். போகட்டும். உன்னை அனுப்பியது என் தப்பு. நான் சாகசம் பண்ணச் சொல்லவில்லை, ஒரு கவரைக் கையில் கொடுக்கத்தான் சொன்னேன்.

அப்பா சட்டத்தை மீறி எழுதுகிறேன். உனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறார், நீ தனியாகப் படிக்க மாட்டாய்.

கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துப் பார்த்தால்தான் எப்படிப்பட்டது என்று தெரியுமாம். ஏப்ரல் இருபத்திரண்டு ஆபரேஷன். கவருக்குள் அதைத்தான் எழுதியிருந்தேன். கூடவே, அதற்கு முன்னால் ஒரு தடவை முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்றும், பத்தொன்பது வருஷமாக அந்த "அப்பா நலம்" என் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது, நேரில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டால்தான் போகும் என்றும் எழுதியிருந்தேன். அவ்வளவுதான்.

நீ இப்போதே ஓடி வராதே. இருபத்திரண்டாம் தேதி காலையில் வந்தால் போதும். அதற்கு முன்னால் வந்து என் எதிரே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் எனக்கு ஆகாது.

அக்கா


மார்ச் 24

அண்ணா,

இந்தக் கடிதத்தை மியூசியத்தின் கோட்டு வைக்கும் இடத்துக்கு அனுப்புகிறேன். உன் வீடு எங்கே என்று எங்களுக்குத் தெரியாது.

அக்காவுக்கு நலமில்லை. முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

பிப்ரவரி இரண்டாம் தேதி பழுப்பு ஓவர்கோட் ஒன்றை உன்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவள் நான்தான். அறுபத்தெட்டாம் நம்பர் டோக்கன். அதன் உள்பையில் அக்கா உனக்கு எழுதிய கவர் இருக்கிறது. ஒருவேளை நீ பார்க்கவே இல்லையோ, குப்பையில் போட்டுவிட்டாயோ என்று பயந்து மறுபடி எழுதுகிறேன். அக்காவுக்கு ஏப்ரல் இருபத்திரண்டு ஆபரேஷன். அதற்கு முன்னால் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

உன் கோபம் உன்னோடு. அக்காவுக்கு இப்போது காது கேட்காது. திட்டுவதானாலும் எழுதித்தான் காட்ட வேண்டும். அதற்காகவாவது வா.

கீழே என் போன் நம்பரும் அக்கா சேரப் போகிற ஆஸ்பத்திரியின் விலாசமும் எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை


ஏப்ரல் 6

வாலு,

நலமா என்று உன்னைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் நம்பரை நாலு தடவை அழுத்திவிட்டு மணி அடிக்கிறதுக்குள் வைத்துவிட்டேன். எழுதினால் என் குரல் உனக்குக் கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

அன்றைக்கு உன்னை நான் வாசலிலேயே பார்த்துவிட்டேன். இரண்டு பெண்களுக்கு நடுவில் ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றாய். பத்து வயதில் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு அப்படித்தான் நிற்பாய். முகத்தைப் பார்க்காத ஆள் என்று என்னைப் பற்றி நினைத்திருப்பாய். எல்லோர் முகத்தையும் பார்ப்பேன், அன்றைக்கு உன் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. மூன்று தடவை வந்தாய். ஒவ்வொரு தடவையும் நீ பேசுவாய் என்று நான் நின்றேன்.

மூடும் நேரத்தில் உன் கோட்டு மட்டும் தொங்கியது. திருப்பி வாங்காத கோட்டின் பைகளைப் பார்த்து, இருப்பதை எழுதி வைக்க வேண்டும் என்பது இங்கே விதி. கவரை எடுத்தேன். அக்கா கையெழுத்து. பதிவுப் புத்தகத்தில் எழுதவில்லை, என் பெட்டியில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் பிரிக்கவில்லை. அக்கா கடிதம் எப்படி ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த "நலம்" என்ற வார்த்தையை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. உன் கடிதம் வந்த பிறகு, நேற்று மத்தியானம், சாப்பிடுகிற அறையில் வைத்துப் பிரித்தேன். முதல் வரி, "தம்பி, எனக்கு உடம்பு சரியில்லை." இதை அவள் ஜனவரியிலேயே எழுதிவிட்டாள். நான்தான் மூடி வைத்திருந்தேன்.

என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்ததும் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன். அப்பாவுக்கு முடியவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். நம் தெருக்காரர் ஒருவர் துறைமுகத்தில் என்னைப் பார்த்து, "அப்பா ஆஸ்பத்திரில இருக்காரு, உடனே கெளம்பு" என்றார். அதற்கு மூன்று நாள் கழித்து அக்கா கடிதம் வந்தது. அப்பா நலம். எது நிஜம் என்று எனக்குத் தெரியாதா? நடுவில் இறங்கினால் மறுபடி அந்தக் கப்பலில் ஏற முடியாது. அந்த வேலைக்காக நாலு வருஷம் அலைந்திருந்தேன். அதனால் "நலம்" என்று எழுதியிருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கப்பலிலேயே இருந்துவிட்டேன். அப்பா போனதும் அத்தனை பழியையும் அக்கா தலையில் வைத்து ஒரு வரி எழுதிப் போட்டேன். அதற்கப்புறம் எந்த முகத்தோடு எழுதுவது? நீங்கள் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். கோபமில்லை வாலு, பயம்.

இதை நீ அக்காவிடம் சொல்லாதே. நான்தான் சொல்ல வேண்டும். இருபதாம் தேதி வந்துவிடுவேன்.

அண்ணன்


ஏப்ரல் 21

அன்புள்ள தங்கைக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். நாளைக் காலை நீ வந்துவிடுவாய். ஆனாலும் எழுதி நர்ஸிடம் கொடுத்து வைக்கிறேன். நேரில் என்றால் உன் உதடு ஓடுகிற வேகத்துக்கு எனக்குப் பாதி புரியாது, நீ குறுக்கே வேறு பேசுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

நேற்று வந்தான். இந்த வெயிலில் கையில் டீச்சரின் ஓவர்கோட். அதைத் தூக்கிக்கொண்டுதான் வார்டுக்குள் நுழைந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா" என்று கத்தினான்போல, பக்கத்துக் கட்டில்காரி காதைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைந்தது தெரிந்தது. கிழவனாகிவிட்டான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம், அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தது. தட்டில் இருந்த ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தான். கோணல் மாணலாக நறுக்கினான், சாப்பிட்டேன். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தான். இரண்டு பக்கம். முடித்துவிட்டு என்னிடம் நீட்டாமல் மடியில் வைத்துக்கொண்டான். நான்தான் பிடுங்கிப் படித்தேன்.

உனக்குத் தெரியுமாமே. அதை அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா கிடக்கிறார் என்று தெரிந்தே வராமல் இருந்திருக்கிறான். பத்தொன்பது வருஷம் நான் தூக்கத்தில்கூட அந்த ஒரு வரியைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். "அப்பா நலம்" என்பதற்குப் பதில் "அப்பாவுக்குச் சுமார்" என்று எழுதியிருந்தால் வந்திருப்பானோ, "முடிந்தால் வா" என்று எழுதியிருந்தால் வந்திருப்பானோ என்று. அச்சகத்தில் மெஷின் ஓடும்போதும் அதே நினைப்புதான். நான் என்ன எழுதியிருந்தாலும் அவன் வந்திருக்க மாட்டான். அதை என்னிடம் சொல்ல அவனுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நோட்டை விசிறி அடித்தேன். "வெளிய போ" என்றேன். எத்தனை சத்தமாகச் சொன்னேனோ, எதிர்க் கட்டிலில் இருந்த நோயாளி தன்னைச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டாள். அவன் நோட்டைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான்.

ராத்திரி மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். காலையில் பக்கத்துக் கட்டில்காரி என் கையைத் தட்டிக் கதவுப் பக்கம் காட்டினாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மத்தியானமும் இருந்தான். சாப்பிட்டானா என்று நான் கேட்கவில்லை. எழுந்து போகிறானா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தலையணையை இந்தப் பக்கம் வைத்தால் கதவு தெரிகிறது, அந்தப் பக்கம் வைத்தால் தெரியவில்லை. எத்தனை தடவை மாற்றினேன் என்று எனக்கே தெரியாது.

அவனை மன்னித்துவிட்டேனா என்று நாளைக்கு வந்ததும் கேட்காதே. இல்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தால் முதல் வேலையாக அவனைத் திட்டப் போகிறேன். நிறைய இருக்கிறது, வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன்.

சற்று முன் நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். நாளைக்கு மயக்க மருந்து கொடுக்கச் சம்மதம் என்று சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போட வேண்டுமாம். தங்கை காலையில் வந்துவிடுவாள், அவள் போடுவாள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கதவைக் காட்டி, "அந்த பெஞ்சுல ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட வாங்கிக்குங்க" என்றேன். "அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவள் உதடு அசைந்தது.

"தம்பி" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன். வராந்தாவில் அவன் எழுந்து நிற்பது தெரிந்தது.

உன் அக்கா